இதழ்ப் பெயரும் இதழ் எண்ணும்

சங்கராபுரம் என்னும் பெயருடைய ஊர்கள் தமிழ்நாட்டில் ஒன்றின் மேற்பட்டன. கல்வராயன் மலைக்குக் கிழக்கே, கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் வட்டத் தலைநகராய் விளங்குவது ஒன்று. சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடியை ஒட்டி அமைந்தது மற்றொன்று. முன்னதன் முகவரியும் நிலைத்து நின்றதன்று. 1993ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் வரை அது தென்னார்க்காடு மாவட்டத்தின் பாற்பட்டது; பின்னர் விழுப்புரம் மாவட்டத்ததாயிற்று; 2019ஆம் ஆண்டு நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, ஒரு தலைமுறைக் காலத்துள் மூன்று மாவட்டப் பெயர்கள் அதற்கு முன்னே வந்து நின்றன. இவ்வூரிலிருந்து ஐம்பது ஆண்டுகள் இடையறாது ஓர் இதழ் வெளிவந்ததென வைத்துக்கொள்வோம். அதன் முகப்பிலுள்ள முகவரி இருமுறை மாறியிருக்கும். ஊர்ப்பெயரை மட்டும் நோக்கிப் பட்டியல் எழுதுவோர் அதனைக் காரைக்குடிப் பக்கத்து இதழென்று கொள்ளவும் கூடும். மாவட்டப் பெயரை நோக்குவோர் ஓரிதழை மூன்றாகப் பிரித்துவிடவும் கூடும்.

பலபொருள் குறித்த ஒருசொல்லும், ஒருபொருள் குறித்த பலசொல்லும் நம் நிகண்டு நூலார்க்குப் பழகிய பொருள்கள். புலவர் பெயர்களிலும் இவ்விடர்ப்பாடு உண்டு. ஒளவையார் ஒருவரோ பலரோ, சங்கக் கபிலரும் பிற்காலக் கபிலரும் எங்ஙனம் வேறுபடுவர் என்பன குறித்து நம் ஆராய்ச்சியாளர் ஏடு ஏடாக எழுதியுள்ளனர். ஆயின், பருவ இதழ்கள் வகையில் இத்தகைய ஆராய்ச்சி போதிய அளவு நிகழ்ந்திலது. கடந்த இரு நூற்றாண்டுத் தமிழ் உரைநடையின் பெரும்பகுதி இதழ்களிற்றான் முதற்கண் தோன்றியது. ஆதலின் எந்த இதழ் என்னும் வினாவிற்கு ஐயமற விடை கூற இயலாதவிடத்து நம் மேற்கோள்களின் அடிப்படையே ஆட்டம் காண்கின்றது. ஐ.எஸ்.எஸ்.என். எனச் சுருங்க வழங்கும் பன்னாட்டுத் தொடர் வெளியீட்டுத் தர எண், இவ்வினா ஒன்றிற்கு மட்டுமே விடையாக வகுக்கப்பட்டது. அவ்வெண் நம் நாட்டிற் புகுந்த வரலாற்றையும், தமிழ் இதழ்களுக்கு அது செய்யற்பாலதாய பணியையும் ஈண்டு ஆராய்வாம்.

இடர்ப்பாட்டின் அளவை முதற்கண் காண்டல் நலம். 'தமிழ் முரசு, 1947' என ஓர் ஆய்வேட்டின் அடிக்குறிப்பு கூறுமாயின், அது கோ. சாரங்கபாணியார் 1935இல் சிங்கப்பூரில் நிறுவிய நாளிதழா, ம. பொ. சிவஞானம் அவர்கள் 1940களில் சென்னையில் நடத்திய இதழா என்பது விளங்காது. சென்னையில் அப்பெயருடைய மாலை நாளிதழ் ஒன்று பிற்காலத்தும் தோன்றியது. 'விவேக சிந்தாமணி' என்னும் பெயரைக் கேட்டவுடன் நினைவுக்கு வருவது நீதிப் பாடல்களின் தொகுப்பாகிய நூல், சி. வி. சுவாமிநாதையர் 1892இல் தொடங்கிய திங்களிதழும் அப்பெயரினதே. ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' தொடராக வெளிவந்தது இவ்விதழில் ஆதலின், நாவல் வரலாறு எழுதுவோர் இதனைத் தவிர்த்துச் செல்லல் இயலாது.

பெயர் ஒன்றாய் இதழ் பலவாதல் ஒருவகை. இதழ் ஒன்றாய்ப் பெயர் பலவாதல் மற்றொருவகை. அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று தொடங்கிய வார இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. அடுத்த ஆண்டில் அது 'தமிழன்' ஆயிற்று. ஆசிரியரும் நோக்கமும் மாறவில்லை. பெயரின் முற்பகுதி மட்டும் நீங்கிற்று. ஈ. வெ. ராமசாமிப் பெரியார் 1925 மே 2 அன்று ஈரோட்டில் தொடங்கிய 'குடி அரசு', 1933இல் அரசாங்கத்தின் நடவடிக்கையால் நின்றபோது 'புரட்சி' தோன்றிற்று. அதன் பின்னர் 1934இல் 'பகுத்தறிவு'. 1935இல் மீண்டும் 'குடி அரசு'. படிப்போர்க்கு இவை ஒரு குரலின் தொடர்ச்சி. சட்டத்தின் கண்ணுக்கு இவை வெவ்வேறு இதழ்களாய்த் தோன்றவேண்டும் என்பதே பெயர் மாற்றத்தின் கருத்து. அடக்குமுறைக் காலத்தில் பெயர் மாற்றம் ஒரு காப்பு. பட்டியல் எழுதுவோர்க்கு அது பெருந்தொல்லை என்பதனை அவ்விதழாசிரியர்கள் எண்ணியிருக்க நியாயமில்லை.

இனி, பெயர் மாறாது இடம் மாறியதற்கு 'இந்தியா' சான்று. 1906இல் சென்னையில் தோன்றிய அவ்வார இதழ் 1908இல் புதுச்சேரிக்குச் சென்றது. ஆங்கிலேயர் ஆட்சி நீங்கிப் பிரெஞ்சியர் ஆட்சிக்குட்பட்ட இடத்திலிருந்து வெளிவந்தது. பெயரும் இடமும் மாறாது இயல்பு மாறியதற்கு 'மணிக்கொடி' சான்று. 1933இல் அரசியலும் இலக்கியமும் கலந்த வார இதழாய்த் தோன்றி, 1935இல் பி. எஸ். ராமையாவின் பொறுப்பில் சிறுகதைக்கு உரிய இதழாயிற்று. இலக்கிய வரலாற்றாசிரியர் இரண்டு மணிக்கொடிகளைப் பற்றிப் பேசுவர்.

இதழுக்குள்ளே எண்ணும் முறையிலும் தமிழர் தனிவழி வகுத்துக்கொண்டனர். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் 'செந்தமிழ்' தொகுதி, பகுதி என எண்ணியது. 1923இல் தோன்றிய 'செந்தமிழ்ச் செல்வி' தன் ஆண்டுத் தொகுதியைச் சிலம்பு என்றும் திங்கள் வெளியீட்டைப் பரல் என்றும் வழங்கிற்று. செல்வி எனப் பெயர் பூண்டவள் சிலம்பணிதல் பொருத்தமே. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் 'தமிழ்ப் பொழில்' 1925இல் தோன்றித் துணர், மலர் என எண்ணியது. அழகிய வழக்குகள் இவை. எனினும், 'துணர் 4, மலர் 7' என்று மட்டும் எழுதப்பட்ட குறிப்பு, தமிழ்ப் பொழிலை அறியாத வெளிநாட்டு நூலகர்க்குத் தொகுதியாவது யாது, வெளியீடாவது யாது என்பதனை உணர்த்தாது. இவற்றோடு அறுபதாண்டுச் சுழற்சி வேறு. தமிழ்ப் பொழில் பிறந்த குரோதன ஆண்டு 1985இல் மீண்டும் வந்தது. சில இதழ்கள் திருவள்ளுவர் ஆண்டு ஒன்றையே இடும். சிலம்பும் பரலும் துணரும் மலரும் இதழ்களின் உடைமைகள். அவற்றை மாற்றுமாறு எந்த எண்முறையும் கேட்பதில்லை. தர எண் வெளியீட்டுத் தொடர் முழுமைக்கும் ஒன்றே. ஒரு பரலையோ ஒரு மலரையோ அது தனித்துச் சுட்டாது. ஆதலின், எண்ணும் வேண்டும், பரலும் வேண்டும்.

அரசினர் இதழ்களைப் பதிவு செய்தது வேறு நோக்கத்தால். 1867ஆம் ஆண்டு அச்சகம், நூற்பதிவுச் சட்டத்தின்படி செய்தியிதழ் வெளியிடுவோர் நடுவர் முன் உறுதிமொழி அளித்தல் வேண்டும். சங்கராபுரத்தார் மாவட்ட நடுவர் முன்னோ உட்கோட்ட நடுவர் முன்னோ சென்று, அச்சிடுவோன் யான், வெளியிடுவோன் யான், அச்சகம் இன்ன இடத்தது என எழுதிக் கையொப்பமிட்டனர். எழுதியவனைப் பிடிக்க இயலாவிடின் அச்சிட்டவனையேனும் பிடித்தற்கு வழி வைத்திருந்தனர் அக்காலத்து ஆட்சியாளர். விடுதலைக்குப் பின் அமைந்த முதற் செய்தித்தாள் ஆணையத்தின் பரிந்துரையால் அச்சட்டம் 1955இல் திருத்தப்பெற்று, 1956 ஜூலை 1 முதல் இந்தியச் செய்தித்தாள் பதிவாளர் அலுவலகம் இயங்கிற்று. அவ்வலுவலகம் வழங்கிய பதிவெண்களிற் பலவற்றில் மாநிலம், மொழி, ஆண்டு ஆகியவற்றின் குறிகள் அமைந்துள்ளன. தமிழ்நாட்டில் தமிழில் வெளிவருவது என்பது எண்ணைப் பார்த்த அளவில் புலனாகும்.

இப்பதிவைப் பற்றி ஆராய்ச்சி இதழ்களை நடத்துவோர் அறியவேண்டிய மாற்றம் ஒன்று அண்மையில் நிகழ்ந்தது. 1867ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி இயற்றப்பெற்ற 2023ஆம் ஆண்டுப் பருவ இதழ்ப் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பருவ இதழ் என்பதற்கு அச்சட்டம் கூறும் வரையறை, அறிவியல், தொழில்நுட்பம், கல்வித்துறை சார்ந்த ஆய்விதழ்களை வெளிப்படையாக விலக்குகின்றது. பல்கலைக்கழகத் தமிழ்த்துறையின் ஆராய்ச்சி இதழ் இனிச் செய்தியிதழ்ப் பதிவேட்டில் இடம்பெற வேண்டுவதில்லை. இவ்விலக்கு ஒருவகையில் விடுதலை. மற்றொரு வகையில், அத்தகைய இதழுக்கு எஞ்சி நிற்கும் பொது அடையாளம் தர எண் ஒன்றே என்னும் நிலையை அஃது உண்டாக்கிவிட்டது.

அவ்வெண்ணின் தோற்றத்தை இனிக் காண்போம். இரண்டாம் உலகப்போரின் பின் அறிவியல் இதழ்கள் பெருகியமையும், நூலகப் பட்டியல்கள் கணிப்பொறிக்கு மாறியமையும் அதற்குக் காரணங்கள். பெயர் மாறும் இதழ்களால் நேரும் தொல்லையைச் சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் 1924 முதல் 1944 வரை விளங்கிய சீர்காழி இரா. அரங்கநாதன் நன்கறிந்திருந்தார், 1934இல் வெளியிட்ட தம் பட்டியல் நெறி நூலில் பருவ வெளியீடுகளுக்குத் தனி விதிகள் வகுத்தார். விதிகளால் தீராத சிக்கலை எண்ணால் தீர்க்க முயன்றது அடுத்த தலைமுறை. யுனெஸ்கோவின் முயற்சியால் பாரிசு நகரில் பன்னாட்டு நடுவம் அமைந்தது. பன்னாட்டுத் தர அமைப்பு 3297 என்னும் எண்ணுடைய தன் தர விதியை 1975இல் வெளியிட்டது.

எண்ணின் அமைப்பு எளியது. எட்டு இலக்கங்கள், நடுவே ஓர் இடைக்கோடு. முதல் ஏழும் வரிசையால் அமைவன. எட்டாவது, பிழை காணுதற்கு உரிய சோதனை இலக்கம். 1969இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் சார்பில் தோன்றிப் பின்னர்ச் சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் வெளியீடான 'ஜர்னல் ஆஃப் தமிழ் ஸ்டடீஸ்' என்னும் இதழின் எண் 0022-4855. முதல் ஏழு இலக்கங்களை முறையே 8, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டின் 72 வரும். இறுதி இலக்கமாகிய 5ஐச் சேர்ப்பின் 77. அது பதினொன்றால் மீதியின்றி வகுபடும். ஓர் இலக்கம் தவறினும், இரண்டு இலக்கங்கள் இடம் மாறினும் இக்கணக்குப் பொய்க்கும். சோதனை இலக்கம் பத்தாக வருமிடத்து ஓரெழுத்தால் எழுதவேண்டி, உரோமர் பத்தைக் குறித்த எக்ஸ் என்னும் எழுத்தை ஆள்வர். பத்தினைக் குறிக்க ௰ என்னும் ஒற்றைக் குறி நம்மிடமும் இருந்தது; கேட்பார் இலர்.

எண்ணிற்குள் பொருள் இல்லை என்பது விதி. எனினும் வரலாற்று நோக்குடையார்க்கு அதில் ஒரு தடயம் கிடைக்கின்றது. 'ஜர்னல் ஆஃப் சிம்பாலிக் லாஜிக்' என்னும் அளவையியல் இதழின் எண் 0022-4812. 'ஜர்னல் ஆஃப் டாக்ஸேஷன்' என்னும் வரியியல் இதழின் எண் 0022-4863. 'ஜர்னல் ஆஃப் டீச்சர் எஜுகேஷன்' என்பதன் எண் 0022-4871. இவற்றினிடையே தமிழாராய்ச்சி இதழ் நிற்பது ஆங்கில அகரவரிசையால். தொடக்கக் காலத்தில், அமெரிக்காவின் பௌக்கர் நிறுவனம் வெளியிட்ட உல்ரிக்ஸ் இதழ்க் கையேட்டிலிருந்த இதழ்களுக்கு வரிசையாக எண்கள் இடப்பட்டன. ஆங்கிலத் தலைப்புத் தாங்கியமையே நம் இதழ் அவ்வரிசையில் எளிதில் இடம்பெற்றதற்குக் காரணம் எனக் கருதுகின்றேன். தமிழ்த் தலைப்புடைய இதழ்கள் விண்ணப்பித்துப் பெறும் காலம் வரை காத்திருக்க நேர்ந்தது.

இந்தியாவுக்குரிய தேசிய நடுவம் 1986இல், 1952 முதல் புதுதில்லியில் இயங்கிவந்த இன்ஸ்டாக் என்னும் அறிவியல் ஆவண மையத்தில் அமைந்தது. அம்மையம் 2002இல் நிஸ்கேர் ஆகவும், 2021இல் நிஸ்பர் ஆகவும் பெயர் மாறிற்று. இதழ்களின் பெயர் மாற்றத்தைக் கண்காணிக்கும் நிலையமே இருமுறை பெயர் மாறியது இரங்கத்தக்கதோ நகைக்கத்தக்கதோ அறியேம். இந்திய நடுவம் வழங்கிய எண்கள் 0970 முதல் 0976 வரையுள்ள தொகுதிகளைச் சேர்ந்தன. ஒரு தொகுதிக்கு ஆயிரம் எண்கள், எனவே ஏழாயிரம். இவை ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்குப் போதியனவாயின. பின்னர் 2229, 2230, 2231, 2249, 2250, 2277, 2278, 2319, 2320, 2321, 2347, 2348, 2349 எனச் சில ஆண்டுகளுக்குள்ளேயே பதின்மூன்று தொகுதிகள் வேண்டியிருந்தன.

அறிவு திடீரெனப் பெருகியதால் நேர்ந்த வளர்ச்சியன்று இது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, ஆசிரியர்களின் பதவியுயர்வுக்கு மதிப்பெண் கணக்கிடும்போது, தர எண் பெற்ற இதழ்களில் வெளியான கட்டுரைகளைக் கணக்கிற் கொண்டது. அதன் பயனாக, ஓர் இதழை மற்றோர் இதழினின்று பிரித்தறிய வந்த எண், உயர்ந்த இதழைத் தாழ்ந்த இதழினின்று பிரித்தறியும் முத்திரையாகக் கொள்ளப்பட்டது. எண் இதழின் தகுதியைச் சான்றளிக்காது எனப் பாரிசு நடுவமே தெளிவுறக் கூறியுள்ளது. பெயர்ப் பதிவேட்டில் இடம்பெற்றமை கொண்டு ஒருவனை அறிஞன் எனக் கொள்ளுதல் எத்தகையதோ, இஃது அத்தகையது. முறைகேடு மிகவே மானியக் குழு 2018 மே திங்களில் தன் ஏற்புப் பட்டியலினின்று 4,305 இதழ்களை நீக்கிற்று. 2019இல் கேர் என்னும் புதிய பட்டியலை வகுத்தது. அதனையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டது. பட்டியல்கள் வந்து மறைந்தன. அவற்றை நம்பிக் கட்டணம் செலுத்திக் கட்டுரை வெளியிட்ட ஆய்வு மாணவர்களின் இழப்பை ஈடு செய்வார் எவரும் இலர்.

இதில் வருந்தத்தக்கது, எண் பெறுதற்குக் கட்டணமே இல்லை என்பது. இதழை நடத்துவோர் முகப்பு, உள்ளடக்கம், ஆசிரியர் குழு, வெளியீட்டாளர் முகவரி முதலியவற்றைத் தேசிய நடுவத்திற்கு இணையவழி அனுப்பி விண்ணப்பிக்கலாம். அச்சிதழுக்கு ஓரெண், அதுவே மின்னிதழாகவும் வருமாயின் அதற்கு வேறோரெண், இரண்டையும் ஒன்றென இணைக்கும் எண் 2007ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. இடமாற்றத்தாலோ வெளியீட்டாளர் மாற்றத்தாலோ எண் மாறாது. 'இந்தியா' புதுச்சேரி சென்றமையாலும், சங்கராபுரம் மாவட்டம் மாறியமையாலும் புதிய எண் வேண்டப்படாது. தலைப்பின் முதல் ஐந்து சொற்களுள் ஒன்று நீங்கினும் சேரினும் பொதுவாகப் புதிய எண் வேண்டும். எழுத்து வடிவம் மட்டும் மாறுதல் அத்தகைய மாற்றமன்று. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்தால் 'விடுதலை', 'கலைமகள்' ஆகியவற்றின் லைகாரம் உருமாறிற்று, பெயர் மாறிற்றிலது.

தமிழ் இதழ்க்குத் தனியே நேரும் இடர் எழுத்துப்பெயர்ப்பால் வருவது. பன்னாட்டுப் பதிவேட்டில் தலைப்பு உரோமன் எழுத்தில் அமைகின்றது. 'செந்தமிழ்' என்பதன் சகரத்தைச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி முறையினர் சி என்னும் எழுத்தால் எழுதுவர். இதழ் நடத்துவோர் எஸ் என எழுதுவர். ழகரத்திற்கு ஒருவர் கீழ்க்கோடிட்ட எல் எழுத்தை இடுவர். மற்றொருவர் இசட், எச் இரண்டனைச் சேர்த்து எழுதுவர். ஒரு பெயரே நான்கு வடிவில் திரியும்போது தேடுவோன் திகைப்பான். ஒரே பெயருடைய இதழ்களைப் பிரிக்க, பெயரின் பின் ஊர்ப்பெயரை அடைப்புக்குறிக்குள் சேர்ப்பது பதிவேட்டு வழக்கு. இரண்டு சங்கராபுரங்களிலிருந்தும் ஒரே பெயரில் இதழ் வருமாயின் அவ்வழக்கும் உதவாது. எண் உதவும்.

இத்துணையும் வாழும் இதழ்களைப் பற்றியன. மறைந்த இதழ்கள் பற்றியதே நம் துறையினர் மேற்கொள்ளற்பாலதாய பணி. கடந்த காலத்து வெளியீடுகளுக்கும் எண் வழங்கலாம் என்பது தர விதியே கூறும் செய்தி. நூலகங்களும் ஆய்வாளரும் வேண்டிக்கொள்ளின், நின்றுபோன இதழ்கட்கும் நடுவங்கள் எண் இடுவன. 1841இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிய 'உதயதாரகை' முதலாக எத்தனையோ இதழ்கள் எண்முறை பிறக்கும் முன்னரே பிறந்தவை. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், மறைமலையடிகள் நூலகம், கன்னிமரா நூலகம் ஆகியவற்றில் பழைய இதழ்கள் உள்ளன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பல இதழ்கள் படவடிவில் கிடைக்கின்றன. படவடிவங்கள் பெருகப் பெருக, ஒரே பெயருடைய இதழ்கள் தேடுவோன் முன் ஒருங்கே வந்து குவிகின்றன. முன்பு நூலகத்தின் அடுக்கு அவற்றைப் பிரித்து வைத்தது. இப்போது பிரிப்பது எதுவுமில்லை.

ஆய்வு மாணவர் ஒருவர் தம் ஆய்வேட்டிற்கு எடுத்துக்கொள்ளும் இதழின் முதல் வெளியீட்டு நாள், பெயர் மாறிய நாள், அச்சகம், எண்ணிட்ட முறை, இறுதி வெளியீடு ஆகியவற்றை எவ்வாறேனும் திரட்டவே செய்கின்றார். அத்திரட்டே விண்ணப்பத்திற்குப் பெரிதும் போதும். முதற்கண், அவ்விதழுக்கு எண் ஏற்கெனவே உளதா என்பதனைப் பாரிசு நடுவத்தின் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளல் வேண்டும். இருபது இலட்சத்திற்கு மேற்பட்ட பதிவுகளின் அடிப்படைக் குறிப்புகளை 2018 முதல் கட்டணமின்றி எவரும் காணலாம். தமிழெழுத்தில் தேடிக் கிடைக்காவிடின் மேற்கூறிய உரோமன் வடிவங்கள் அனைத்தையும் இட்டுத் தேடல் வேண்டும். அதன் பின்னரும் காணப்படாதவற்றிற்கு விண்ணப்பிக்கலாம். அயோத்திதாசரின் இதழைப் பொறுத்தவரை விண்ணப்பம் இரண்டாதல் வேண்டும்: 'ஒரு பைசாத் தமிழன்' என்பதற்கு 1907 ஜூன் 19 வெளியீட்டின் முகப்பும், 'தமிழன்' என்பதற்கு 1908இல் அப்பெயரோடு வந்த முதல் வெளியீட்டின் முகப்பும் இணைக்கப்பெறும். முன்னதன் தொடர்ச்சி பின்னது என்பதனையும் விண்ணப்பத்திற் குறித்தல் வேண்டும். பதிவேட்டில் அவ்வுறவைக் காட்டுதற்குத் தனியிடம் உண்டு.